டீசல் விலை இறங்கும்போது வாங்கி வைப்பது எப்படி: வன்னியில் புதிதாகக் கமம் தொடங்குவோருக்கு

வன்னியில் ஒரு போகத்துக்கான செலவைக் கணக்குப் பார்ப்பவர்கள் விதைநெல், பசளை, கூலி ஆகியவற்றை முன்கூட்டியே எழுதிவைப்பார்கள். டீசலை மட்டும் தேவைப்படும் அன்று கானைத் தூக்கிக்கொண்டு போய் வாங்கலாம் என்று விட்டுவிடுவார்கள். அந்த வழக்கம் எவ்வளவு செலவு வைக்கக்கூடியது என்பதை அண்மைய ஆண்டுகள் காட்டிவிட்டன. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 121 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் (சாதாரண டீசல்), அதே ஆண்டு ஜூன் இறுதியில் 460 ரூபாயாக உயர்ந்தது. 2023 மார்ச் இறுதியில் 325 ரூபாய்க்கும், 2024 செப்ரெம்பர் இறுதியில் 283 ரூபாய்க்கும் இறங்கியது. விலை இப்படி ஏறி இறங்கும்போது, இறங்கிய நேரத்தில் ஒரு போகத்துக்கு வேண்டியதை வாங்கி வைப்பது நியாயமான எண்ணம்தான். ஆனால் வாங்கி வைத்த டீசல் கெட்டுப்போனால், மிச்சம் பிடித்த பணத்தைப் போலப் பல மடங்கு இயந்திரத்தின் இன்ஜெக்டருக்கும் டீசல் பம்புக்கும் போய்விடும். உழவு இயந்திரம் புதிதாக வாங்கியவர்களையும், நீண்ட காலத்தின் பின் காணிக்குத் திரும்பியிருப்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடுகளில் எரிபொருளைச் சேர்த்து வைக்கும் பழக்கம் அச்சத்திலிருந்து வந்தது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சிறிதளவு பெற்றோலால் முடுக்கிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய தலைமுறை இன்னும் எங்களோடு இருக்கிறது. கிடைக்கும்போது கிடைத்ததையெல்லாம் வாங்கி வை என்று அவர்கள் சொல்வதில் அனுபவம் உண்டு. ஆயினும் டீசல் நெல்லைப் போல மூட்டையில் கிடந்து காத்திருக்கும் பொருளன்று. எங்கள் வெப்பத்தில் அதனுடைய நல்ல ஆயுளை ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. குளிர்ந்த நாடுகளில் ஓராண்டும் அதற்கு மேலும் வைத்திருக்கிறார்கள். 30 பாகை செல்சியசுக்கு மேல் நாள்தோறும் காயும் இடத்தில் அந்தக் கணக்குப் பொருந்தாது. ஆகவே, அடுத்த ஒரு போகத்தின் தேவைக்கு மேல் வாங்காதீர்கள் என்பதே நான் சொல்லவரும் முதல் விதி.

தேவையை அளந்துகொள்ளுதல்

எவ்வளவு வாங்குவது என்பதை அயலவரிடம் கேட்டுத் தீர்மானிக்க வேண்டாம். மண், கலப்பை, இயந்திரத்தின் வயது, ஓட்டுபவரின் கை ஆகிய எல்லாவற்றாலும் செலவு மாறும். இரணைமடுக் குளத்தின் கீழுள்ள களிமண் வயலில் சேற்று உழவு குடிக்கும் டீசலும், முல்லைத்தீவுக் கரையோர மணற்காணியில் புழுதி உழவு குடிக்கும் டீசலும் ஒன்றல்ல. இயந்திரத்தின் தாங்கியைச் சமதரையில் நிறுத்தி விளிம்புவரை நிரப்புங்கள். ஓர் ஏக்கரை முழுமையாக உழுது முடித்தபின் அதே இடத்தில் நிறுத்தி, அளவுக் கானால் மறுபடி விளிம்புவரை ஊற்றுங்கள். ஊற்றிய அளவே உங்கள் ஏக்கர்ச் செலவு. முதல் உழவு, மறு உழவு, மண்ணைப் பொடியாக்கும் றொட்டவேற்றர், பெட்டி பூட்டி நெல் ஏற்றுதல் என ஒவ்வொரு வேலைக்கும் இதை ஒருமுறை செய்து ஒரு கொப்பியில் எழுதிவைத்தால், அடுத்த போகத்தின் தேவை சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அந்தத் தொகையில் ஒரு பங்கைத்தான் முன்கூட்டி வாங்க வேண்டும். மழை பிந்தி உழவு குறைந்தாலும் கையில் பழைய டீசல் தேங்காது.

அடுத்து, ஆதாயக் கணக்கு. 2024 செப்ரெம்பர் இறுதித் திருத்தத்தில் ஒட்டோ டீசல் 307 ரூபாயிலிருந்து 283 ரூபாயாக, அதாவது லீற்றருக்கு 24 ரூபாய் குறைந்தது. அன்று 200 லீற்றர் வாங்கியவர், விலை மறுபடி பழைய இடத்துக்கு ஏறும் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் பிடித்திருக்கக்கூடிய தொகை 4,800 ரூபாய். அதற்கு முதலீடு 56,600 ரூபாய். இந்தப் பணத்தை நகையை அடகு வைத்தோ, மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்கோ எடுத்திருந்தால், மாதத்துக்கு 849 ரூபாய் வீதம் ஆறு மாதத்தில் 5,094 ரூபாய் வட்டியாகப் போய்விடும். அப்போது நட்டம்தான் மிஞ்சும். கையில் சும்மா கிடக்கும் பணத்தில் மட்டுமே டீசல் வாங்கி வையுங்கள். கடன் வாங்கி வாங்காதீர்கள். விலை அடுத்த மாதம் இன்னும் இறங்கவும் கூடும் என்பதால், தேவையை இரண்டாகப் பிரித்து, இரண்டு திருத்தங்களில் வாங்குவது மனச்சுமையைக் குறைக்கும்.

விலைத் திருத்தம் வழமையாக மாத இறுதியில் அறிவிக்கப்பட்டு நள்ளிரவு முதல் நடைமுறைக்கு வருகிறது. விலை குறையப்போகிறது என்ற பேச்சு எழும்போது, பழைய விலையில் சரக்கு எடுக்க விரும்பாத சில செட்டுகளில் (எரிபொருள் நிரப்பு நிலையங்களில்) இருப்புக் குறைந்து, முதல் இரண்டொரு நாள் வரிசை நீளும். பொறுத்திருந்து மூன்றாம் நான்காம் நாள் போவது நல்லது. இன்னொன்றையும் கவனியுங்கள்: எரிபொருள் ஏற்றிவரும் பௌசர் வந்து நிலத்தடித் தாங்கிக்குள் இறக்கிக்கொண்டிருக்கும்போதும், இறக்கி முடித்த உடனும் வாங்காதீர்கள். அடியில் படிந்திருக்கும் கசடும் தண்ணீரும் அப்போது கலங்கி எழுந்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் அதை வடிகட்டியில் தாங்கிக்கொள்ளலாம். மாதக்கணக்கில் வைக்கப்போகும் பரலுக்குள் அது போகக்கூடாது.

அனுமதி

இதைக் கடந்துபோக வேண்டாம். 2022 நெருக்கடியின்போது அனுமதியின்றி எரிபொருள் சேர்த்து வைத்திருந்தவர்களைப் பொலிஸார் கைது செய்தார்கள். கான்களில் நிரப்புவதும் அப்போது கட்டுப்படுத்தப்பட்டது. அந்த ஆண்டு ஜூலையில் கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாக எரிபொருள் பெறும் பங்கீடு வந்து, 2023 செப்ரெம்பரில்தான் நீங்கியது. பங்கீடு இல்லாத காலத்திலும் எரிபொருளைச் சேர்த்து வைப்பதும் விற்பதும் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. முதல் பரலை வாங்குமுன் பிரதேச செயலகத்திலும் உங்கள் கமநல சேவை நிலையத்திலும் போய், காணி விபரத்தையும் இயந்திரப் பதிவையும் காட்டி, உங்கள் சொந்தப் பாவனைக்கு எவ்வளவு வைத்திருக்கலாம், எழுத்தில் என்ன வேண்டும் என்று கேட்டு, கிடைக்கும் கடிதத்தையும் செட் பற்றுச்சீட்டுகளையும் ஒரே கோப்பில் வையுங்கள். அயலவருக்கு அவசரத்துக்குக் கொடுத்து உதவலாம் என்று நினைத்து விலைக்குக் கொடுக்கத் தொடங்கினால் அது வியாபாரமாகிவிடும்.

பரலும் கானும்

200 லீற்றர் இரும்புப் பரல்தான் எங்கள் பகுதியில் எளிதாகக் கிடைப்பது. முன்பு மசகு எண்ணெயோ டீசலோ இருந்த பரலைத் தேடி வாங்குங்கள். கிருமிநாசினி, பூச்சிமருந்து, இரசாயனம் இருந்த பரல் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். உள்ளே துத்தநாகம் பூசிய தகரப் பாத்திரமும், செம்புக் குழாயும் டீசலுக்கு ஆகாதவை. அந்த உலோகங்கள் டீசலை விரைவில் பழுதாக்கிப் பிசினாக்கும். டோர்ச் வெளிச்சத்தை வாயினூடாக உள்ளே பாய்ச்சித் துரு இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய அளவுக்கு, எரிபொருளுக்கென்றே செய்த தடித்த பிளாஸ்ரிக் கான்கள் போதும். தண்ணீர்க் கானும் சோடாப் போத்தலும் ஒருபோதும் கூடாது. சோடாப் போத்தலில் வைத்த எண்ணெயைக் குழந்தைகள் தாகத்தில் எடுத்துக் குடித்த துயரம் எங்கள் ஊர்களில் நடந்த ஒன்றுதான்.

பெற்றோல் வைத்திருந்த கானில் டீசல் ஊற்றாதீர்கள். டீசல் சாதாரண வெப்பத்தில் எளிதில் தீப்பற்றாது. அதன் ஆவி தீப்பிடிக்க ஏறத்தாழ 55 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். பெற்றோலின் ஆவியோ உறைகுளிரிலும் தீப்பிடிக்கும். கானில் மிஞ்சிய சிறிதளவு பெற்றோல்கூட டீசலின் அந்தப் பாதுகாப்பைக் குலைத்துவிடும்.

நிரம்பிய ஒரு பரலின் எடை ஏறத்தாழ 190 கிலோகிராம். அதனால் வெறும் பரலை வைக்கவேண்டிய இடத்தில் முதலில் நிலைப்படுத்திவிட்டு, 20 லீற்றர் கான்களில் டீசலைக் கொண்டுவந்து அங்கேயே ஊற்றுவது முதுகுக்கு நல்லது. விளிம்புவரை ஊற்றாமல் 190 லீற்றருடன் நிறுத்துங்கள். காலையிலிருந்து பிற்பகலுக்குள் டீசலின் வெப்பம் 15 பாகை ஏறினால் அந்த 190 லீற்றர் இரண்டு லீற்றருக்கு மேல் விரிவடையும். அதற்கு இடம் இல்லாவிட்டால் மூடியின் வழியாகக் கசியும்.

இடம்

வெயில் படாத, காற்றோட்டமான, வீட்டிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் விலகிய ஒரு கொட்டில் வேண்டும். கிடுகாலோ பனையோலையாலோ வேயாதீர்கள். தகரம் போட்டு, இரண்டு பக்க முகட்டையும் திறந்து விடுங்கள். வைக்கோற்போரும், யூரியா மூட்டையும், விதைநெல்லும் அந்தக் கொட்டிலுக்குள் இருக்கக்கூடாது. டீசல் மணம் ஏறிய நெல்லை யாரும் வாங்கமாட்டார்கள். ஆடி ஆவணியில் காடு காய்ந்து கிடக்கும்போது எங்கோ வைத்த நெருப்பு வேலிவரை வந்துவிடுவது வன்னிக்குப் புதிதன்று. கொட்டிலைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்குப் புல்லையும் சருகையும் செருக்கி வெறுந்தரையாக வைத்திருங்கள்.

கிணற்றை நினைத்துப் பாருங்கள். எங்கள் கிணறுகள் ஆழம் குறைந்தவை. கரையோர மணலில் ஊற்றிய எதுவும் நாட்களில் நீருக்குப் போய்விடும். கிணற்றிலிருந்து நூறு அடியாவது தள்ளி, தண்ணீர் ஓடும் சரிவில் கிணற்றுக்குக் கீழ்ப்பக்கமாகக் கொட்டிலைப் போடுங்கள். தரையைச் சீமெந்தால் மெழுகி, நாலடிக்கு நாலடி சதுரத்தில் எட்டு அங்குல உயரத்துக்குச் சுற்றுக்கட்டுக் கட்டினால், ஏறத்தாழ 300 லீற்றர் அதற்குள் நிற்கும். பரல் முழுவதும் ஒழுகினாலும் மண்ணுக்குப் போகாது. இதற்கு ஆகும் செலவைப் பார்த்து ஒருவர் தயங்கலாம். டீசல் கலந்த கிணற்றை இறைத்துச் சரிசெய்ய முடியாமல், பக்கத்து வீட்டில் தண்ணீர் அள்ளிய ஒரு குடும்பத்தை நான் அறிவேன். ஆகவே இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

தண்ணீர்

டீசலுக்குப் பகை தண்ணீர்தான். இதைப் புரிந்துகொண்டவருக்கு மற்றவை எளிது. என் முதலாவது பரலை ஒரு புளியமரத்தின் கீழ் நிமிர்த்தி வைத்தேன். நிழல் இருக்கிறது, மூடி இறுக்கமாக இருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று எண்ணினேன். மாரிமழையை நம்பிய காலபோக உழவு தொடங்கி இரண்டாம் நாள் இயந்திரம் வயல் நடுவில் மூச்சடைத்து நின்றது. பில்டரைக் கழற்றிய மெக்கானிக் அதிலிருந்து அரைக் கோப்பை தண்ணீரையும் சளி போன்ற கறுப்புப் படிவையும் ஒரு தகரத்தில் ஊற்றிக் காட்டினார். மழைநீர் எப்படி இறுக்கிய மூடிக்குள் போனது என்பதை அவர்தான் விளக்கினார்.

பரல் மூச்சு விடுகிறது. பகலில் உள்ளிருக்கும் காற்று சூடேறி விரிந்து, மூடியின் புரி வழியாகச் சிறிதளவு வெளியேறும். மாலை மழை பெய்து பரல் திடீரெனக் குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, வெளியிலிருப்பதை இழுக்கும். நிமிர்த்தி வைத்த பரலின் மேல்தட்டில் விளிம்பு உயர்ந்திருப்பதால் மழைநீர் தேங்கி நிற்கும். தேங்கிய அந்த நீரைத்தான் பரல் உறிஞ்சுகிறது. மழையே படாத இடத்திலும், ஐப்பசி கார்த்திகையின் ஈரக்காற்று உள்ளே போய், பரலின் வெற்று மேற்சுவரில் வியர்த்து வடியும். தண்ணீர் டீசலைவிடக் கனமானது என்பதால் அடியில் படியும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் அந்த எல்லையில் பூஞ்சணமும் பக்டீரியாவும் வளர்ந்து, கறுப்புச் சளியாகத் திரண்டு, பில்டரை அடைக்கும்; அவை விடும் அமிலம் பரலின் அடியையும் அரிக்கும்.

இதைத் தடுக்கும் முறைகள் கடினமானவை அல்ல. பரலைப் படுக்கையாக வைக்க வசதியிருந்தால், மரச்சட்டத்தின் மேல் கிடத்தி, இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் மூன்று மணி, ஒன்பது மணி நிலைகளில் ஒரே மட்டத்தில் நிற்கும்படி உருட்டி வையுங்கள். அப்போது மூடிகள் உட்பக்கம் டீசலுக்குள் மூழ்கியிருப்பதால் காற்றும் ஈரமும் உறிஞ்சப்படமாட்டா. நிமிர்த்தியே வைக்க வேண்டுமானால், ஒரு பக்கத்தின் கீழ் கட்டை வைத்துச் சிறிது சரித்து, தாழ்ந்த விளிம்பில் மழைநீர் ஒதுங்கும்படியும், மூடிகள் அந்த நீருக்கு எட்டாத உயரத்தில் நிற்கும்படியும் திருப்பிவிட்டு, மேலே தறப்பாளால் மூடுங்கள். மூடியின் றப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் புதிதாக மாற்றுங்கள். பரலை இயன்றவரை நிறைந்தே வைத்திருங்கள். பாதி வெறுமையான பரலில்தான் வியர்வை அதிகம். அரைப்பரல் மிஞ்சினால் அதைக் கான்களுக்கு மாற்றி, கான்களை நிறைத்து வைப்பது மேல். வெளிப்புறத்துக்கு வெள்ளை வர்ணம் பூசினால் சூடு குறையும்; வர்ணம் காய்ந்ததும், டீசல் வாங்கிய திகதியை அதன் மேல் பெரிதாக எழுதிவிடுங்கள்.

மாதத்துக்கு ஒருமுறை சோதனை செய்ய வேண்டும். நீண்ட, சுத்தமான கண்ணாடிக் குழாயை அல்லது தெளிவான பிளாஸ்ரிக் குழாயை மேல்வாயைப் பெருவிரலால் மூடியபடி பரலின் அடிவரை இறக்கி, விரலை எடுத்து, மறுபடி மூடி வெளியே எடுத்தால், அடியிலுள்ளது குழாயில் ஏறிவரும். அதை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். நல்ல டீசல் தெளிந்து மினுங்கும். போத்தலுக்குப் பின்னால் பத்திரிகையை வைத்தால் எழுத்துகள் தெரியும். பால் கலந்ததுபோல் மங்கியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால், கடையில் விற்கும் நீரில் கரையும் உணவு நிறத்தில் இரண்டு துளி விடுங்கள். அது டீசலில் கரையாது, அடியில் தண்ணீர் இருந்தால் அதை மட்டும் நிறமாக்கிக் காட்டும். கடும் மண்ணிறமும் புளித்த மணமும் இருந்தால் டீசல் முதிர்ந்துவிட்டது. கறுப்புத் துகளோ சளியோ கண்டால் அந்தப் பரலை இயந்திரத்துக்கு ஊற்றுவதை நிறுத்தி, மெக்கானிக்கிடம் மாதிரியைக் காட்டுங்கள். மண்ணெண்ணெய் கலந்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது தண்ணீரையும் நீக்காது, சளியையும் நீக்காது. இன்ஜெக்டர் பம்புக்கு வேண்டிய வழுவழுப்பைத்தான் குறைக்கும்.

எடுத்துப் பயன்படுத்துதல்

உழவுக்கு முந்திய நாள் பரலை உருட்டவோ அசைக்கவோ வேண்டாம். குழாயின் முனை அடியிலிருந்து நான்கு அங்குலம் மேலே நிற்கும்படி கட்டிவிட்டு, கைப்பம்பால் இறையுங்கள். அடியில் மிஞ்சுவதை இயந்திரத்துக்கு ஊற்றாமல், வேறாக எடுத்துத் தெளியவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் பிறகு சேர்க்கலாம். புனலில் நுண்ணிய உலோக வலையோ, தண்ணீரைப் பிரிக்கும் வடியோ இருக்க வேண்டும். பழைய சாரத் துணியால் வடித்தால் நூல் துகள்கள் உள்ளே போகும். கொட்டிலில் கிடக்கும் றப்பர்க் குழாயை எலி கடித்திருக்கும், உள்ளே குளவி கூடு கட்டியிருக்கும். ஆகவே பயன்படுத்துமுன் ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஒரு வேலைநாள் முடிந்ததும் இயந்திரத்தின் தாங்கியை நிரப்பிவிட்டுத் தூங்கப் போவதும் நல்ல பழக்கம், ஏனெனில் அந்தத் தாங்கியும் இரவில் வியர்க்கும். முதலில் வாங்கியது முதலில் முடிய வேண்டும்.

வாயால் உறிஞ்சிக் குழாயில் எடுப்பதை உடனே விட்டுவிடுங்கள். வயிற்றுக்குள் போவதைவிட, ஒரு மிடறு மூச்சுக்குழாய்க்குள் இறங்குவதுதான் ஆபத்து. அது நுரையீரலைப் புண்ணாக்கும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல், நேராக வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கையில் பட்டதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. எரியும் டீசல் தண்ணீரின் மேல் மிதந்து பரவும். கொட்டிலின் வாசலில், உள்ளே அல்லாமல் வெளியே, இரண்டு வாளி மணலும் ஓர் உலர்தூள் தீயணைப்பானும் நிற்கட்டும். சிந்தியதை மணலால் மூடி அள்ளுங்கள்.

பரல் வெறுமையானதும் மூடியை இறுக்கி, நிறைந்த பரலுக்கு இருந்த அதே மரியாதையோடு வையுங்கள். வெறும் பரலை வெட்டித் தண்ணீர்த் தொட்டியாக்கவோ, ஓட்டையை அடைக்கவோ ஒட்டுவேலைக் (வெல்டிங்) கடைக்குக் கொண்டுபோவது எங்கள் பகுதியில் வழக்கம். சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணெய், தீப்பொறியின் சூட்டில் ஆவியாகி, மூடிய பரலுக்குள் காற்றோடு கலந்து வெடிக்கும். டீசல் இருந்த பரலை வெட்டவோ ஒட்டவோ கொடுக்காதீர்கள். உள்ளே துரு ஏறிவிட்டால் மூடியோடு சேர்த்துப் பழைய இரும்புக்காரரிடம், அதில் என்ன இருந்தது என்பதையும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.